இரண்டு கேத்தரின்கள்

காத்தரினா என்று ஓர் அம்மாள். சொந்த ஊர் ஜெர்மனியில் லூபெக். கல்யாணமாகி, விதவையுமாகி, 1662-ல் கப்பலேறித் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் வந்து இறங்கினாள். இருபது வயதைச் சற்றே தாண்டியவள். கூட ஆண் துணை கிடையாது. அந்த நாளில் நன்னம்பிக்கை முனை என்றால் ஒரு மண்கோட்டை, ஒரு காய்கறித் தோட்டம், சில நூறு மனிதர்கள், கணக்கில்லாத சிங்கங்கள். அவ்வளவுதான்.

வந்த சூட்டோடு இரண்டாம் கல்யாணம். அந்தக் கணவனைச் சிங்கம் கொன்றது. மூன்றாமவன், அந்த மண்ணின் பூர்வகுடிகளான கொய்கொய் மக்கள் கையால் செத்தான். நாலாமவனை யானை மிதித்தது. ஐந்தாவது ஆசாமி மட்டும் எப்படியோ தாக்குப்பிடித்தார். புருஷனைக் கொன்ற சிங்கத்தை அம்மாளே துப்பாக்கியோடு துரத்திப் போய்ச் சுட்டாள் என்று உள்ளூரில் ஒரு கதை உலவுகிறது. மூன்றரை நூற்றாண்டாகச் சொல்லப்படும் கதை. கொஞ்சம் உப்பு, காரம் சேர்ந்திருக்கும். ஆனால் ருசி நன்றாகவே இருக்கிறது.

இதைக் காரில் போகும்போது என் சகதர்மிணியிடம் சொன்னேன். "அஞ்சு பேரா! நான் ஒருத்தரோடயே முப்பது வருஷத்தை ஓட்டிட்டேன்" என்று ஒரு பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சின் பொருளை நான் ஆராயப் போகவில்லை.

அந்தக் காத்தரினா அம்மாள் 1682-ல் குத்தகைக்கு எடுத்த பண்ணைக்குத்தான் நாங்கள் போய்க்கொண்டிருந்தோம். பெயர் ஸ்டீன்பெர்க். டச்சு மொழியில் 'கல்மலை' என்று அர்த்தம். கேப் டவுன் நகரத்திலிருந்து தெற்கே, இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. இன்றைக்கு அது ஓட்டல். திராட்சைத் தோட்டம், பதினெட்டுக் குழி கோல்ஃப் மைதானம், எல்லாம் உண்டு. அங்கே ஒரு ராத்திரி தங்க எங்கள் யோக்கியதை என்ன என்று கேட்காதீர்கள். கேப் டவுனில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் மைத்துனனின் உபயம்.

"அத்தான், முப்பதாவது கல்யாண நாள். அக்காவைக் கூட்டிக்கிட்டுப் போய்ட்டு வாங்க. வாடகை எவ்வளவுன்னு மட்டும் கேக்காதீங்க. கேட்டா உங்களுக்குத் தூக்கம் வராது!"

கேட்கவில்லை. ஆனாலும் தூக்கம் வரவில்லை. அந்தக் காரணம் வேறு.

*

மைத்துனன் ஏற்பாடு செய்த காரை ஓட்டியவர் ஐம்பது வயதிருக்கும் ஒரு மனிதர். மாநிறம். கொஞ்சம் மலாய், கொஞ்சம் ஆப்பிரிக்கா, கொஞ்சம் ஐரோப்பா, கொஞ்சம் நம்ம ஊர் என்று எல்லாம் கலந்த முகம். என் மனைவியை 'ஆன்ட்டி' என்றார். என்னை 'அங்கிள்' என்றார். கேப் டவுனில் அந்தச் சமூகத்தார் பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். சொந்த ஊரில் ஆட்டோக்காரர்கள் கூப்பிடுகிற 'சாரை' விட இது எவ்வளவோ மேல்.

டேபிள் மலையை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டுக் கார் தெற்கே திரும்பியது. நவம்பர் மாதம். அங்கே அது கோடையின் தொடக்கம். தென்கிழக்குக் காற்று மரங்களைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. 'கேப் டாக்டர்' என்று அந்தக் காற்றுக்குப் பட்டப்பெயர். ஊரின் அழுக்குக் காற்றை எல்லாம் அடித்துக்கொண்டு போய்க் கடலில் தள்ளிவிடுவதால் டாக்டர். ஃபீஸ் வாங்காத டாக்டர்.

கான்ஸ்டன்ஷியா பள்ளத்தாக்கு வந்ததும் இரண்டு பக்கமும் ஓக் மரங்கள். கொஞ்ச தூரத்தில் மலை. அதன் மடியில் வரிவரியாகத் திராட்சை. நடுவே வெள்ளை வெளேரென்று பண்ணை வீடு.

'கேப் டச்சு' பாணி என்று சொல்கிறார்கள். தடித்த சுவர், சுண்ணாம்பு வெள்ளை, முகப்பில் நடுநாயகமாக வளைந்து நெளிந்து ஏறி இறங்கும் ஓர் அலங்காரச் சுவர். இந்தப் பாணி வீடுகளில் கூரை, புல் வேய்ந்தது. வாசலில் உயரமான நீண்ட மேடை. அதன் பெயர் 'ஸ்டூப்'. இரண்டு ஓரத்திலும் உட்காருவதற்குக் காரை பூசிய கட்டை. சாயங்காலம் எஜமான் அதில் உட்கார்ந்து புகை பிடித்தபடி போகிற வருகிறவர்களைப் பார்ப்பாராம்.

"என்னங்க இது, நம்ம வீட்டுத் திண்ணை!" என்றாள் சகதர்மிணி. சொன்னதோடு நில்லாமல் போய் உட்கார்ந்தும் விட்டாள். காலை மடக்கிச் சம்மணம் போடாதது ஒன்றுதான் பாக்கி.

வரவேற்பில் இருந்த பெண்மணி காத்தரினாவின் கதையை அழகாகச் சொன்னாள். குதிரை ஏறுவாள், துப்பாக்கி பிடிப்பாள், கவர்னர் சைமன் வான் டெர் ஸ்டெல்லிடம் நேரே போய் 'மலையடிவாரத்தில் எனக்கு நிலம் வேண்டும்' என்று கேட்டு வாங்கினாள். 1688-ல் பட்டாவும் வாங்கிவிட்டாள். பண்ணைக்கு அவள் வைத்த பெயர் 'ஸ்வானவைட'. அன்னங்கள் மேயும் இடம் என்று பொருள். அங்கே அன்னமே கிடையாது என்பதுதான் வேடிக்கை. ஆப்பிரிக்கக் காட்டு வாத்துகளைப் பார்த்து, ஊர் ஞாபகத்தில், அன்னம் என்று வைத்துக்கொண்டாளாம். பரதேசம் போனவர்கள் செய்கிற காரியம்தானே? கொலம்பஸ் செய்யாததா?

ஒரு சின்ன சந்தேகம் மட்டும் எனக்கு. அந்த மலையடிவாரம் கொய்கொய் மக்கள் காலங்காலமாக மாடு மேய்த்த இடம். யாருடைய நிலத்தை யார், யாருக்குக் குத்தகை கொடுப்பது? இதை அந்தப் பெண்மணியிடம் கேட்கவில்லை. வரவேற்பு பானம் கையில் இருந்தது.

*

1685-ல் காத்தரினா வீட்டுக்கு ஒரு பெரிய மனிதர் சாப்பிட வந்தார். புதிதாகச் சுட்ட ரொட்டி, தோட்டத்து முள்ளங்கி என்று எளிய பகல் சாப்பாடு. அதை விரும்பிச் சாப்பிட்டாராம். அவர் பெயரைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஹென்றிக் வான் ரீட்.

கேரளத்துக்காரர்களுக்கு இவரை நன்றாகத் தெரியும். கொச்சியில் டச்சுத் தளபதியாக இருந்தவர். மலையாளக் கரையின் செடிகொடிகளைப் பற்றி 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்' என்று பன்னிரண்டு பெரிய தொகுதிகள் வெளியிட ஏற்பாடு செய்தவர். இட்டி அச்சுதன் என்ற நாட்டு வைத்தியர் அதற்கு மூலிகை விவரம் எல்லாம் சொன்னார். 1678-ல் தொடங்கி 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சாயிற்று.

நமக்கும் இவர் அந்நியர் அல்ல. டச்சுக்காரர்களுக்குச் சோழமண்டலக் கரையில் அதுவரை தலைமையிடம் பழவேற்காடு. அதை 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாற்றியவர் இதே வான் ரீட்தான். அடியேனுக்குச் சொந்த ஊர் நாகப்பட்டினம். எங்கள் ஊருக்குத் தலைமையிடத்தை மாற்றியவர், அதற்கு ஐந்து வருஷம் முன்னால் ஆப்பிரிக்கா மூலையில் இந்த வீட்டில் முள்ளங்கி கடித்திருக்கிறார்! உலகம் சின்னது என்று சும்மாவா சொன்னார்கள்?

கவர்னர் சைமன் வான் டெர் ஸ்டெல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் கான்ஸ்டன்ஷியா பண்ணையை 1685-ல் வழங்கியவரும் வான் ரீட்தான். அந்த சைமனின் பூர்வோத்தரம் இன்னும் சுவாரசியம். 1639-ல் மொரீஷியஸ் பக்கம் கப்பலிலேயே பிறந்தவர். அப்பா டச்சுக்காரர். 1646-ல் இலங்கையில் கொல்லப்பட்டார். அம்மாவைப் பெற்ற பாட்டி ஓர் இந்தியப் பெண். மோனிகா என்று ஞானஸ்நானப் பெயர். எந்தக் கடற்கரையைச் சேர்ந்தவள் என்பதில் பண்டிதர்களுக்குள் இன்னும் தகராறு. கோவா என்பவர்கள் உண்டு. ஆக, நிறவெறிச் சட்டம் கோலோச்சிய காலத்தில் சைமன் துரை உயிரோடு இருந்திருந்தால், அவரால் தன் சொந்தப் பண்ணையில் குடியிருக்க முடிந்திருக்காது. 1960-களில் கான்ஸ்டன்ஷியாவை 'வெள்ளையர் பகுதி' என்று அறிவித்து, அங்கே தலைமுறையாகக் காய்கறி பயிரிட்டுக் கொண்டிருந்த கலப்பினக் குடும்பங்களைக் கிளப்பி அனுப்பினார்கள். டிரைவரின் தாய்மாமன் குடும்பம் அதில் ஒன்று. "எந்த வீடு என்று காட்டட்டுமா?" என்று வழியில் கேட்டார். காட்டினார். உயரமான மதில், மின்சார வேலி. வேறு ஒன்றும் தெரியவில்லை.

*

விருந்தினர் தங்குவது இந்தப் பண்ணைக்குப் புதிசில்லை. காத்தரினா 1695-ல் ருசோ என்பவருக்கு விற்றுவிட்டாள். 'கல்மலை' என்ற பெயர் பிற்பாடு வந்தது. அவர் காலமான பிறகு விதவை கிறிஸ்டினா நிர்வாகம் பார்த்தாள். அப்போது ஓர் அதிர்ஷ்டம் அடித்தது. கேப் டவுன் துறைமுகத்தில் குளிர்கால வடமேற்குப் புயல் கப்பல்களை அடித்து நொறுக்கிக் கொண்டிருந்ததால், மழைக்காலத்தில் எல்லாக் கப்பலும் தெற்கே சைமன்ஸ் விரிகுடாவில்தான் நிற்கவேண்டும் என்று டச்சுக் கம்பெனி 1741-ல் உத்தரவு போட்டது. இரண்டு துறைமுகத்துக்கும் நடுவே மாட்டு வண்டியில் போனால் சரியாக ஒரு நாளில் வந்து சேருகிற தூரத்தில் ஸ்டீன்பெர்க்! ராத்திரி தங்க வேறு நாதி இல்லை. கப்பல் அதிகாரிகள் வந்து தங்கினார்கள், தின்றார்கள், குடித்தார்கள், காசு கொடுத்தார்கள். விதவை கிறிஸ்டினா நன்றாகவே இருந்தாள். பெண் வழியில் பண்ணை லோ குடும்பத்துக்குப் போய், 1990 வரை அவர்களிடமே இருந்தது. அப்புறம்தான் ஒரு கம்பெனி வாங்கி ஓட்டலும் கோல்ஃபுமாக ஆக்கியது.

சாயங்காலம் ஒயின் ருசி பார்க்கும் வைபவம். சாவிஞான் பிளாங்க் என்று ஒரு வெள்ளை ஒயின். அந்தப் பண்ணைக்கு அதில்தான் பேர். நான் நாகரிகமாக நுனி நாக்கில் விட்டுக்கொண்டு தலையை ஆட்டினேன். என் சகதர்மிணி முகர்ந்து பார்த்துவிட்டு, "மாங்கா ஊறுகா தண்ணி மாதிரி ஒரு வாசனை" என்றாள். ஊற்றிக் கொடுத்த இளைஞன், ஆங்கிலத்தில் நான் இதை மொழிபெயர்த்ததும், சிரிக்கவே இல்லை. பச்சைக் காய்களின் வாசனை அந்த ஒயினின் லட்சணம் என்றும், மேடத்துக்கு நல்ல மூக்கு என்றும் சொன்னான். அன்றைக்கு முழுக்க அந்த மூக்கு இறங்கவே இல்லை.

வெளியே காரில் ஏதோ துடைத்துக்கொண்டிருந்த டிரைவரிடம், "இப்ப எங்க தங்குவீங்க, தூங்கக் கட்டில் இருக்கா?" என்று இவள் கேட்டாள். ஆங்கிலத்தில்தான் கேட்டாள், ஆனால் 'பெட்' என்ற வார்த்தை சமயத்தில் வாய்க்கு வராமல் 'கட்டில்' என்றே சொல்லிவிட்டாள்.

"காட்டல்? இருக்கிறது ஆன்ட்டி, வீட்டுக்குப் போய்விடுவேன்" என்றார் அவர், வெகு சாதாரணமாக.

நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

விஷயம் இதுதான். அவர்கள் பேசுகிற ஆஃப்ரிகான்ஸ் மொழியில் கட்டிலுக்குக் 'காட்டல்' என்றே ஒரு சொல் இருக்கிறது. மாட்டு வண்டியில் மாதக்கணக்கில் பயணம் போகிறவர்கள் வண்டிக்குள் மரச்சட்டத்தில் தோல்வார் பின்னிக் கட்டித் தொங்கவிட்ட படுக்கை அது. நம்மூர்க் கயிற்றுக் கட்டிலுக்குத் தம்பி. 'கட்டில்' போர்ச்சுக்கீசியர் வாயில் விழுந்து, அங்கிருந்து டச்சுக்காரர் வாய்க்குப் போய், அப்படியே கேப் முனையில் கரை ஒதுங்கியிருக்கிறது. நம்ம கறியும் 'கெரி' என்று அங்கே அடுப்பங்கரை வரை போயிருக்கிறது. அச்சாறு, 'அட்யார்'.

வார்த்தை மட்டும் தனியாகக் கப்பலேறாது. யார் வாயிலாவது உட்கார்ந்துதான் வரவேண்டும்.

*

டிரைவரின் குடும்பப் பெயர் ஒரு மாதத்தின் பெயர். நம்மூரில் வெள்ளிக்கிழமை பிறந்தால் வெள்ளையம்மா என்று வைப்போமே, அந்த மாதிரியோ என்று நினைத்தாள் இவள். அவர் விளக்கினார். அடிமைகளைக் கப்பலில் இறக்கி விற்கும்போது சொந்தப் பெயரைக் கேட்டு எழுத யாருக்குப் பொறுமை? வந்த மாதத்தின் பெயரை வைத்துவிடுவார்கள். ஃபெப்ருவரி, ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர். இன்றைக்கும் கேப் டவுனில் இந்தக் குடும்பப் பெயர்கள் நிறைய உண்டு.

மாதம் இல்லாவிட்டால் ஊர். 'கொரமாண்டல் அந்தோணி', 'மலபார் ஆரோன்', 'பெங்கால் ஆஞ்செலா' என்கிற மாதிரி. எந்த ஊர்க் கரையில் பிடித்தார்களோ, விலைக்கு வாங்கினார்களோ, அந்த ஊர். ஆஞ்செலா என்பவள் 1657-ல் வந்தாள், 1666-ல் விடுதலை ஆனாள், 1669-ல் ஒரு வெள்ளைக்காரரை மணந்தாள் என்பது வரை ஏட்டில் இருக்கிறது.

1652 முதல் 1808 வரை கேப் முனைக்கு இப்படிக் கொண்டுவரப்பட்டவர்கள் சுமார் 63,000 பேர் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அதில் ஏறத்தாழ கால்வாசி இந்தியா, இலங்கைப் பக்கத்தவர்கள். மீதி மடகாஸ்கர், கிழக்கு ஆப்பிரிக்கா, இந்தோனேசியத் தீவுகள். நாம் தென்னாப்பிரிக்கத் தமிழர் என்றால் 1860-ல் டர்பனுக்குக் கரும்பு வெட்டப் போனவர்களைத்தான் நினைக்கிறோம். அதற்கு இருநூறு வருஷம் முன்பே கேப் முனையில் நம் ஆட்கள் இருந்திருக்கிறார்கள். கூலியாகக்கூட அல்ல. சரக்காக.

விற்றது யார்? வெட்கக்கேடான கதை. 1659 முதல் 1661 வரை தஞ்சாவூர்ச் சீமையில் பிஜப்பூர்ப் படைகள் புகுந்து சூறையாடின. விளைச்சல் போயிற்று. பஞ்சம். ஜனங்கள் தங்களையும் பிள்ளைகளையும் விற்றார்கள். இடைத்தரகர்கள் வாங்கினார்கள். நாகப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் டச்சுக் கம்பெனி எட்டாயிரம், பத்தாயிரம் பேர் என்று வாங்கிக் கப்பலேற்றியது. பெரும்பாலோர் இலங்கைக்கு, கொஞ்சம் பேர் பத்தாவியாவுக்கு. பத்தாவியா வழியாகவும் இலங்கை வழியாகவும் சிலர் கேப் முனைக்கு வந்து சேர்ந்தார்கள். நாகப்பட்டினம் பீச்சில் சுண்டல் தின்றபடி நான் பார்த்து வளர்ந்த அதே கடல்.

இவர்களில் ஒருத்தியைப் பற்றித்தான் சொல்லவேண்டும். அவள் பெயரும் கேத்தரின்தான். கேப் முனை ஏடுகளில் 'பழவேற்காட்டுப் பெரிய கேத்தரின்' என்று இருக்கிறது. பெற்றவர்கள் வைத்த பெயர் காற்றோடு போயிற்று. பத்தாவியாவில் அடிமை. தன்னை அடித்த காதலனைத் திருப்பித் தாக்கினாள். அவன் இறந்துபோனான். மரண தண்டனை விதித்து, அப்புறம் மனசு மாறி, ஆயுள் முழுக்க நாடு கடத்தல் என்று கேப் முனைக்குக் கப்பலேற்றினார்கள். 1657-ல் வந்து இறங்கினாள். லூபெக் காத்தரினாவுக்கு ஐந்து வருஷம் முன்னால்!

கமாண்டர் வீட்டில் துணி துவைத்தாள். ஒரு ஜெர்மன் சிப்பாய் மூலமாக அவளுக்கு ஒரு பிள்ளை பிறந்து, 1669-ல் ஞானஸ்நானம் நடந்தது. பிள்ளை பெயர் கிறிஸ்டோஃபல் ஸ்னைமன். பின்னால் அவள் வங்காளத்திலிருந்து வந்து விடுதலை பெற்ற ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். பிள்ளை வளர்ந்து, மதத்துக்காக ஓடிவந்த அகதிக் குடும்பத்துப் பெண்ணை மணந்தான். தென்னாப்பிரிக்க வெள்ளைக்காரர்களில் இன்று ஸ்னைமன் என்ற குடும்பப் பெயர் சர்வ சாதாரணம். எல்லோருக்கும் பாட்டி பழவேற்காடு!

நினைத்துப் பாருங்கள். இரண்டு கேத்தரின்களும் ஏறக்குறைய ஒரே காலம். ஊரே சில நூறு பேர். ஒரே கோட்டை, ஒரே கடைத்தெரு, ஒரே ஓடையில் தண்ணீர். எதிரும் புதிருமாகப் பார்க்காமல் இருந்திருக்க முடியுமா? ஒருத்தி நாலு புருஷனைச் சாகக் கொடுத்தாள், பண்ணை கிடைத்தது, கதை கிடைத்தது. ஓட்டலின் சாப்பாட்டுக் கூடத்துக்கு அவள் பெயரை வைத்தார்கள். இன்னொருத்தி ஒருவனைச் சாகடித்தாள், அதுவும் அடி பொறுக்காமல். அவளுக்குத் துவைக்கிற கல்.

எனக்குத் தூக்கம் வராத காரணம் இதுதான். மைத்துனன் நினைத்தது போல வாடகை அல்ல.

*

காலையில் காப்பி குடித்தபடி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். டிரைவர் வேறொரு பக்கம் கை காட்டினார். திராட்சைத் தோட்டத்துக்கும் கோல்ஃபுக்கும் அக்கம்பக்கத்தில் ஒரு பிரம்மாண்டமான கட்டடம். போல்ஸ்மூர் சிறைச்சாலை. நெல்சன் மண்டேலாவை ரோபன் தீவிலிருந்து 1982-ல் இங்கேதான் கொண்டுவந்தார்கள். 1988 வரை இருந்தார். மொட்டை மாடியில், பாதியாக வெட்டிய எண்ணெய்ப் பீப்பாய்களில் மண் நிரப்பி, தக்காளியும் வெங்காயமும் கத்திரிக்காயும் பயிரிட்டாராம். காத்தரினாவின் முள்ளங்கித் தோட்டத்துக்குக் கூப்பிடு தூரம். விளைந்ததைச் சிறைச் சமையலுக்கும் கொடுத்தார், வார்டர்களுக்கும் கொடுத்தார்.

"அவர் ஒரு ஆள்தாங்க" என்றாள் சகதர்மிணி. அவளுடைய அகராதியில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. எனக்கு இதுவரை கிடைத்ததில்லை.

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ராத்திரி தங்க வசதி இல்லாவிட்டாலும் பாதகமில்லை. கான்ஸ்டன்ஷியாவில் சைமன் வான் டெர் ஸ்டெல்லின் பழைய வீடு, க்ரூட் கான்ஸ்டன்ஷியா, மியூசியமாக இருக்கிறது. பகலில் பார்த்துவிட்டு வரலாம். ஆனால் பண்ணை வீட்டை மட்டும் பார்த்துவிட்டு விமானம் ஏறிவிடாதீர்கள். நகரத்துக்குத் திரும்பி, ஆடர்லி தெருவில் 'ஸ்லேவ் லாட்ஜ்' என்கிற கட்டடத்துக்குள் அரை நாள் செலவழியுங்கள். 1679-ல் டச்சுக் கம்பெனி தன் அடிமைகளை அடைத்துவைக்கக் கட்டியது. பிற்பாடு அதையே சுப்ரீம் கோர்ட் ஆக்கினார்கள். மனுஷனைப் பூட்டிவைத்த இடத்தில் நீதி! இப்போது மியூசியம். உள்ளே ஒரு தூண், வெளிச்சம் போட்டு, அங்கே இருந்தவர்களின் பெயர்களைப் பொறித்து வைத்திருக்கிறார்கள்.

வான் ரீட் 1685-ல் இந்தக் கட்டடத்தையும் வந்து பார்த்தார். குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தவேண்டும், இன்ன வயதில் இன்னாருக்கு விடுதலை தரலாம் என்றெல்லாம் விதி எழுதினார். எழுதிய விதியில் எவ்வளவு நடந்தது என்பதற்கு ஒரே சாட்சி போதும். அடிமை முறை ஒழிந்தது 1834 டிசம்பர் 1-ந் தேதி. நூற்று ஐம்பது வருஷம் கழித்து. அப்போதும் 'தொழில் பழகுகிறார்கள்' என்று சொல்லி 1838 வரை அதே எஜமானிடம் வேலை செய்ய வைத்தார்கள். பிரிட்டிஷ் சர்க்கார் நஷ்டஈடும் கொடுத்தது. யாருக்கு? எஜமானர்களுக்கு.

லாட்ஜுக்குப் பின்னால் இரண்டு நிமிஷ நடையில் சர்ச் சதுக்கம். அங்கே 2008-ல் பதினோரு கருங்கல் பாளங்களை நிறுத்தியிருக்கிறார்கள். பளபளவென்று தேய்த்த கல். அடிமைகளின் பெயர்கள் வெட்டியிருக்கின்றன. ஆபீஸ் போகிறவர்கள் அதில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்கிறார்கள். தப்பாகத் தோன்றவில்லை. கல் அதற்கான உயரத்தில்தான் இருக்கிறது.

டிரைவர் கூடவே வந்தார். நாங்கள் படித்து முடிக்கும் வரை தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் என் மனைவியிடம் கேட்டார்.

"ஆன்ட்டி, உங்கள் ஊர் பெயரை எப்படிச் சொல்லவேண்டும்? பழைய காகிதத்தில் 'நாகபட்நம்' என்று எழுதியிருப்பார்கள்."

"நாகப்பட்டினம்."

"நாக்பட்னம்."

"இல்ல தம்பி. நாகப்... பட்... டி... னம்."

மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். நாலாவது தரம் 'ட்டி' சரியாக விழுந்தது. ஸ்கூல் டீச்சராக இருந்து ரிடையரானவள் இவள். திருத்தாமல் விடமாட்டாள்.

"அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?"

"கடல்தான் இருக்கு. வாங்க, வஞ்சிர மீன் குழம்பு வெச்சுப் போடறேன். படுக்கக் கட்டிலும் இருக்கு" என்றாள்.

"காட்டல்" என்றார் அவர், காரின் கதவைத் திறந்தபடி.